துண்டுக்குள் பேசிய விலை

மாப்ளே,

இன்று காலை லிஃப்ட்டில் உன் வாசனை அடித்தது. கழுத்துப் பிடிப்போடு ஒரு பங்களாதேஷ் பாய் ஏறினார். காதிலிருந்து தோள் வரைக்கும் கோடாலித் தைலம். கதவு மூடியதும் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மொபைலைப் பார்த்தார்கள். நான் மட்டும் நன்றாக மூச்சை உள்ளே இழுத்தேன். "அச்சா ஹை, பாய்?" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கண் கலங்கியிருந்தது. தைலம் எரிக்கிறது என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

உனக்கு சென்ட்டே அதுதானே! கூடைப்பந்து மேட்சுக்கு முன்னால் இரண்டு முழங்காலுக்கும் பூசு பூசு என்று பூசிக்கொண்டு நீ கோர்ட்டில் இறங்கினால், உன்னை மறிக்க வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே நிற்பான். "இதுவும் ஒரு டிஃபென்ஸ்தான்டா" என்பாய். ஒரு தடவை எதிர் டீம்காரன் நடுவரிடம் போய்ப் புகாரே செய்துவிட்டான். தைலத்துக்குத் தடை என்று விதியில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று நான்தான் மல்லுக்கு நின்றேன். மேனேஜர் உத்தியோகத்தில் நான் ஜெயித்த முதல் வழக்கு அதுதான்.

அந்த ஷார்ஜா தொழில்பேட்டைக் கதையை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. அலுமினியம் கம்பெனிக்கு ஒரு கூடைப்பந்து டீம். பந்து போடுவதற்கென்றே விசா, சம்பளம், ரூம், சாப்பாடு. நாலைந்து முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டுவதற்காக வளர்த்த லீக் அது. உன் விசாவில் 'ஸ்டோர் கீப்பர்' என்று போட்டிருந்தது. ஸ்டோர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கடைசி வரைக்கும் உனக்குத் தெரியாது. நான் பகலில் அக்கவுண்ட்ஸ், சாயங்காலமானால் டீம் மேனேஜர். நீ பெரியகுளம், நான் திண்டுக்கல். ஒரே வயது, ஒரே ரூம், ஒரே குக்கர். உன் மனைவி ஊரிலிருந்து போன் செய்தால் முதலில் என்னிடம்தான் பேசுவாள், நீ முழங்கால் வலியில் நொண்டி நொண்டி நடக்கிறாயா என்று விசாரிக்க.

சும்மா சொல்லக்கூடாது, வந்த புதிதில் நீ ஆடிய ஆட்டம் ஆட்டம்தான். கேம்ப்பில் இருக்கிற பையன்கள் டியூட்டி முடிந்து குளிக்காமல்கூட பஸ் ஏறி வந்து வேலி ஓரமாக நிற்பார்கள். மூலையிலிருந்து நீ பந்தைத் தூக்கிப் போட்டால், அது வளையத்துக்குள் விழுவதற்கு முன்பே திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவாய். திமிர்! அந்தத் திமிரைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம் வந்தது.

அப்புறம் வயது வந்தது. யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது அது? பந்து ஒரு பக்கம் போகும், நீ பாதி தூரத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொள்வாய். எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டு உன்னிடமே திரும்பி வருவார்கள். நான் வெளியிலிருந்து கத்தினால், "ஓடுறதுக்குக் கழுத போதும்டா. போடுறதுக்குத்தான் ஆளு வேணும்" என்று பதில் கத்துவாய். கூட்டம் சிரிக்கும். ஆனால் அந்த வருஷம் லீக்கில் நாம் கடைசிக்கு முந்தின இடம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். காரைக்குடிக்காரர், சத்தம் போட்டே பேச மாட்டார், அதுதான் பயம். "தம்பி, அடுத்த சீசன்ல ஃபைனலுக்கு வரணும். இல்லேன்னா கலாஸ். டீமைக் கலைச்சிட்டு பையங்களுக்கு டிக்கெட் போட்டுடுவோம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒங்க ஸ்டாரை வச்சுக்கிட்டு இனிமே கதையாகாது. நல்ல ஆளா ஒண்ணு மாத்திக்கிடுங்க" என்றார். பந்தையே நம்பி வந்த பையன்கள் எல்லோருடைய விசாவும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது.

சீசனுக்கு முன்னால் 'எக்ஸ்சேஞ்ச் வாரம்' என்று ஒன்று வருமே. பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி எடுப்பதைப் போலக் கம்பெனிகள் ஆட்களை மாற்றிக்கொள்கிற வாரம். ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு பேரம்தான். இரண்டு முதலாளிகளும் ஒத்துக்கொண்டால் விசா இந்தக் கம்பெனியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு மாறும், ஆளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூம் மாறுவான்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நான் நினைத்து நினைத்து வைத்திருந்ததெல்லாம் வீண். நீ ஷேரி மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தாய். நான் சொன்னேன். நீ கத்தியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அம்புட்டுதானே? இதுக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? யாரு கேக்குறா என்னைய?"

"அஜ்மான் கார்மெண்ட்ஸ்காரன், பந்தைக் கொண்டுபோற கார்டு ரெண்டு பேரைத் தர்றேங்கிறான். ஃபிலிப்பைனி பசங்க, நல்ல வேகம். அபுதாபி பக்கம் முசாஃபா ஸ்டீல் கம்பெனில ரிங்குக்குக் கீழ நிக்கிற பஞ்சாபி பிவட் ஒருத்தன் இருக்கான், நெட்டையா. அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு நெட்டை இருக்கறதால இவன் பெஞ்சுலயே உக்காந்திருக்கான்."

"அஜ்மான விட்டுத்தள்ளு. இருக்குற கார்டுக்கே பந்து கெடைக்கல, இன்னும் ரெண்டு பேர வச்சு என்ன, கோலி வெளையாடப் போறியா? ஒனக்கு வேண்டியது ஒசரம். ரிங்குக்குக் கீழ நம்ம ஆளுக அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கிறானுக. முசாஃபாவப் பேசு."

"முசாஃபான்னா நீ ரூமை விட்டுப் போகணும்டா. போக வரவே அரைநாள் ஆயிரும்."

"நீ மேனேஜரா, மாமியாரா? விக்கிறதுன்னா வித்துட்டுப் போவியா!"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் இரவெல்லாம் புரண்டது என்ன, இவன் மீன் உரசுவது என்ன! அதோடு விட்டாயா? சாப்பிட உட்கார்ந்ததும் உன்னை நீயே எடை போட ஆரம்பித்தாய். முழங்கால் போச்சு, ஒரு தட்டு இறக்கு. ஃப்ரீத்ரோ தப்பாது, ஒரு தட்டு ஏற்று. கூட்டம் வரும், அதுக்கு ஒன்று ஏற்று. நடுவரோடு சண்டை போடுவான், இறக்கு. வெளி ஆள் யாரையோ பற்றிப் பேசுவதைப் போல அத்தனை கறாராகப் பேசினாய். கடைசியில், "பிவட்ட மட்டும் வாங்குனா நமக்கு நட்டம். அவிங்ககிட்ட கரண்ட்டு ஸ்கோர் போர்டு ரெண்டு கெடக்கு, ஒண்ணக் கேளு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

பேச்சுவார்த்தை நம்முடைய மலையாளி இக்காவின் கஃபட்டேரியாவில், விடுமுறை நாள் காலையில். சுற்றிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் ஷட்டர் இறக்கியிருந்தன. முசாஃபா மேனேஜர் பொள்ளாச்சிக்காரர், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற மனுஷன். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்ததும், நீ நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தாய்.

"நீ எதுக்குடா இங்க?"

"நான்தான் தரகரு."

"மாடே தரகு பேசி எங்கயாவது பாத்திருக்கியா?"

"இந்த மாட்டுக்கு வாய் இருக்கே!"

அடப்பாவி, அதோடு நின்றாயா! தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினாய். "என் வெலைய நாலு பேருக்கு முன்னாடி பேசக்கூடாது. அது எனக்கு மரியாதை இல்ல. சந்தையில பேசுற மாதிரி துண்டுக்குள்ள பேசுங்க" என்றாய். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி அதற்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பொள்ளாச்சிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அட, எங்கூரு சந்தையாட்டமே இருக்குதுங்க! வாங்க, வாங்க!" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். அதுவரை விறைப்பாக இருந்த மனுஷன்.

கணக்கையும் நீயே வைத்தாய். ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஆளுக்கு ஆள். இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் ஆளும் ஸ்கோர் போர்டும். கையை உருவிக்கொண்டால் பேரம் இல்லை. உன் இடக்கை அவரிடம், வலக்கை என்னிடம், மேலே துண்டு. இக்கா சாயாவை வைத்துவிட்டு நகரவே இல்லை. "எந்தா சேட்டா இது, மேஜிக்கா?" என்றார். பக்கத்து மேசைப் பட்டான் டிரைவர்கள்கூட பரோட்டாவை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அவர் ஒற்றை விரலைப் பிடித்திருக்கிறார் என்று என் விரலை அழுத்திச் சொன்னாய். நான் உன் இரண்டு விரலைப் பிடித்தேன். நீ அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, பார்ட்டி ஏறி நிக்கிறாரு. சரக்கு அப்பிடி! மூலையில நின்னா தப்பாது. சொந்தமா தைலம் வச்சிருக்கான், மருத்துவச் செலவு மிச்சம்" என்று உன்னையே கூவிக் கூவி விற்றாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியில் அவர் இரண்டு விரலுக்கு இறங்கி வந்தார். பிவட்டும் கிடைத்தது, போர்டும் கிடைத்தது. இனி நான் உன் இரண்டு விரலையும் ஒரு தரம் அழுத்தினால் முடிந்தது.

அழுத்தினேன்.

நீ கையை எடுத்து "முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். எடுக்கவில்லை. துண்டுக்குள் உன் கை அப்படியே மூடி என் கையைப் பிடித்துக்கொண்டது. பந்தை ஒற்றைக் கையில் கவ்வுகிற கை அது, என் கை முழுவதும் அதற்குள் போய்விட்டது. ஜில்லென்று வேர்த்திருந்தது. நான் இழுத்துப் பார்த்தேன். விடவில்லை. வாய் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. "என்ன மாப்ளே யோசனை? சொல்லிரு, சாயா ஆறுது. முசாஃபால பிரியாணி நல்லாருக்குமாம்ல?" என்று இளித்தாய். முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டு மாப்பிள்ளை. கை அப்படி இல்லை மாப்ளே. கூட்டத்தில் தொலைந்துவிடுவோமோ என்று பிடிக்கிற பிடி அது.

இத்தனை வருஷம் ஒரே ரூமில் கிடந்தும், உனக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதை நான் அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோர்ட், வேலி ஓரத்து கேம்ப் பையன்கள், அந்த இத்துப்போன ரூம், இவ்வளவுதான் உனக்கு இந்த நாட்டில். புது ஊரில் போய் பெஞ்சில் உட்கார வைத்தால் ஒரு சீசனில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இது உனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் மீன் உரசியிருக்கிறாய்.

"இவனைக் குடுக்கறதா இல்லைங்க" என்றேன்.

நீ திகைத்தாய். பொள்ளாச்சிக்காரர் முகம் விழுந்துவிட்டது. சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, "போச்சாதுங்க, விடுங்க. நெசத்தைச் சொன்னா எனக்கு உங்க ஆளு மேல அத்தனை ஆசை இல்லீங்க. சம்சாரம் இங்க ஷார்ஜாவுல ஸ்கூல்ல டீச்சருங்க. கொழந்தைங்களும் இங்கதான் படிக்குதுங்க. நான் அங்க தனியாக் கெடக்கறனுங்க. இந்த எக்ஸ்சேஞ்ச் பேச்சைச் சாக்கா வச்சு அடிக்கடி இந்தப் பக்கம் வந்துக்கலாம்னு ஒரு இதுங்க" என்றார்.

என் வாயில் அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "அப்ப நீங்க இங்க வந்துருங்க. உங்க இடத்துக்கு நான் வர்றேன். வரும்போது அந்த பிவட்டையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

"ஏனுங்க, மேனேஜரை மாத்தலாம்ங்களா?"

"ஒரு பேரம்னுதான் சொல்லியிருக்கு. ஆடுறவனா, ஆட வைக்கிறவனான்னு சொல்லல."

அப்போதுதான் நீ என் கையை விட்டாய். விட்ட கையாலேயே மேசையில் ஓங்கி அறைந்தாய். "லூசாடா நீ? மண்டையில என்ன களிமண்ணா? நான் இங்க, நீ அங்கயா? யாரு சமைக்கிறது?" என்று கஃபட்டேரியாவே திரும்பிப் பார்க்கத் திட்டினாய். அத்தனை வசவை நீ நடுவரைக்கூடத் திட்டியதில்லை. எனக்கு அது தேனாக இருந்தது.

அடுத்த நாள் முதலாளியிடம் சொன்னபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மேனேஜரைக் குடுத்து பிவட்டா? நமக்கு லாபம்தான்" என்றார். என் மானம் மரியாதை எல்லாம் அன்றைக்கே போயிற்று. ஸ்கோர் போர்டைக் கேட்டதற்கு, என் மதிப்புக்கு அதெல்லாம் வராது என்று முசாஃபாவில் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கொஞ்சநஞ்சமா?

அந்த சீசன் செமி ஃபைனலில் எதிரெதிராக நின்றோம், உன் டீமும் என் டீமும். பஞ்சாபிப் பையன் ரிங்குக்குக் கீழே மலை மாதிரி நின்று எல்லாப் பந்தையும் பிடுங்கிப் போட்டான். பொள்ளாச்சிக்காரர் உன்னை முக்கால்வாசி ஆட்டத்துக்கு உட்கார்த்தி வைத்திருந்துவிட்டு, கடைசி நிமிஷங்களில் இறக்கினார். நான் வெளியிலிருந்து "பகடோ! உஸ்கோ பகடோ! மூலைல விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உன்னை மூலையில் விட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? விட்டார்கள். போட்டாய். பந்து விழுவதற்கு முன்பே திரும்பி நடந்தாய், என்னைப் பார்த்து. தோற்ற ஆத்திரத்தில் எனக்கு அழுகையும் வந்தது, கைதட்டவும் கை வந்தது. முதலாளி முன்னால் கைதட்டிவிட்டேன் மாப்ளே. புது முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மேட்ச் முடிந்ததும் தைல நாற்றத்தோடு வந்து கட்டிக்கொண்டாய். "ஒன்னைய வித்தது நல்ல யாவாரம்டா" என்றாய். ஃபைனலில் நீங்கள் தோற்றீர்கள். அதனால் என்ன? ஃபைனலுக்கு வந்தாயிற்று. ஒரு பையனுக்கும் விசா கேன்சல் ஆகவில்லை.

அந்தப் பிடியைப் பற்றி நாம் பேசவே இல்லை. ஒரே ஒரு முறை போனில் நான் மெல்ல ஆரம்பித்தேன். "கை வேர்த்துச்சு, வழுக்குச்சு, அதான் புடிச்சேன். சோலியப் பாருடா" என்று வைத்துவிட்டாய். சரி என்று விட்டுவிட்டேன். சில விஷயங்களை உன்னிடம் வாயால் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

இன்னும் சில சீசன்கள் அதே கோர்ட்டில் ஆடிவிட்டு, உன் இஷ்டத்துக்கு ஓய்வு பெற்று, நீயாக ஊருக்குப் போனாய். தேனியில் டயர் கடை வைத்தாய். "டயரப் பாத்தா ரிங்கு ஞாபகம் வருதுடா, பந்தத்தான் காணோம்" என்று வாராவாரம் போனில் வம்பு. போன வருஷம் உன் மனைவி கூப்பிட்டாள். காலையில் கடை திறந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம், அவ்வளவுதான். லீவு எடுத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டு வாசலில் அத்தனை நெட்டை மனிதர்களை அந்தத் தெரு பார்த்திருக்காது. பஞ்சாபிப் பையன் வந்திருந்தான். ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

உன்னால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது மாப்ளே. யாரையாவது மாற்ற வேண்டும் என்று வந்தால் அவன் சொல்வதை நான் கேட்பதில்லை. கையைக் கொடு என்று வாங்கி, பிடித்துக்கொண்டே பேசுவேன். எல்லாப் பயலும் வாயால் 'நோ ப்ராப்ளம் சார்' என்றுதான் சொல்வான். சிலர் கை லேசாகக் கிடக்கும், போகத் தயாராக. சந்தோஷமாக அனுப்பிவிடுவேன். சிலர் கை அப்படி இருக்காது. அவர்களை இதுவரை நான் அனுப்பியதில்லை. இங்கே பையன்கள் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள். என்னை 'கைக்காரர்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் இன்றைக்கு எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். நேற்றுப் புது ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். சின்ன வயது, சென்னைக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்களுக்கும் வயசாகுது. ராஸ் அல் கைமா பிராஞ்சுல லைட்டான வேலை ஒண்ணு இருக்கு. அங்கருந்து டீமைப் பாத்துக்க ஒரு யங்ஸ்டர் வர்றான். ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் மாதிரி வச்சுக்குங்களேன்" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்கோர் போர்டு ஏதாவது சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "நோ ப்ராப்ளம் சார்" என்றேன். நல்லபடியாக, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

மேசைக்குக் கீழே என் கை வேர்த்து, பிடித்துக்கொள்ள உன் கையைத் தேடிக்கொண்டிருந்தது, மாப்ளே.